உள்ளே பார்க்கக் கற்றுக்கொடுத்த வேதியியல்காரர்

தாலியைக் கழற்ற மாட்டேன் என்று என் மனைவி பிடிவாதமாக நின்றபோது காலை ஏழரை மணி இருக்கும். தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டர். வளையல், தோடு, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டாள். தாலிக்கொடி மட்டும் கழுத்தில் இருந்தது.

"உள்ளே பெரிய காந்தம் இருக்கு. உலோகம் எதுவும் இருக்கக்கூடாதாம்" என்றேன்.

"தங்கத்தைக் காந்தம் இழுக்காதுன்னு நீங்கதானே பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

முப்பத்து மூன்று வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னது சரிதான். ஆனால் கொடியில் எதைக் கலந்திருக்கிறார்கள், கொக்கியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? அதோடு படத்திலும் அந்த இடம் கெட்டுப்போகும். நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். அதில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது. "இது எங்ககிட்ட எப்பவும் ரெடியா இருக்கும்மா. முதல்ல இதைக் கட்டிக்கிட்டு, அப்புறம் அதைக் கழட்டுங்க" என்றாள். எனக்கு முன்னால் எத்தனையோ கணவன்மார்கள் இதே இடத்தில் திகைத்து நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கயிற்றை நான்தான் கட்டினேன், நாற்பத்தைந்து வருடம் கழித்து இரண்டாம் தடவையாக. கை கொஞ்சம் நடுங்கியது.

விஷயம் இதுதான். இரண்டு மூன்று மாதமாக அவளுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. வண்டு ரீங்காரம் போடுவதுபோல ஒரே இரைச்சல் என்றாள். நடக்கும்போது லேசாக ஒரு பக்கம் சாய்ந்தாள். வயசுக்கோளாறு என்று நான் நினைத்திருந்தேன். காது மூக்கு தொண்டை டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ரெண்டு காதும் குறைஞ்சா வயசுன்னு விட்டுடலாம் சார். ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா, உள்ளே நரம்புல கட்டி எதுவும் இல்லைன்னு பார்த்துடறது நல்லது" என்றார். கட்டி என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் போய் விழவில்லை. காரணம் என் அம்மா.

அம்மா இறந்தது 1974 தை மாதம். நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாகத் தலைவலி. விடியற்காலையில் எழுந்ததும் வாந்தி. அப்புறம் பார்வை மங்க ஆரம்பித்தது. கிராமத்து வைத்தியம், குலதெய்வத்துக்கு வேண்டுதல் எல்லாம் முடிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மண்டை எலும்பு அழகாகத் தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். வயதான டாக்டர் ஒருவர், நல்ல மனிதர், என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "தம்பி, உள்ளே ஏதோ வளருதுன்னு நினைக்கிறேன். எங்கே, எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே திறக்க முடியும்?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அம்மா பதினொரு நாள் இருந்தாள்.

அதனால்தான் ஸ்கேன் அறைக்கு வெளியே, சட்டைப்பையில் தாலிக்கொடியோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டு பெண்களின் நினைவும் ஒன்றாகக் கலந்து வந்தது. உள்ளேயிருந்து டொக் டொக் டொக் என்று சம்மட்டி அடிக்கும் சத்தம். நிற்கும். பிறகு வேறு தாளத்தில் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "மிஷின் ரிப்பேர் போலிருக்கே" என்றார். இல்லை ஐயா, அந்தச் சத்தம்தான் படம் என்று சொல்ல நினைத்தேன். அவருக்கு விளக்கிச் சொல்ல அன்று மனநிலை இல்லை. இங்கே சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. என்றால் அது டாக்டர்களோ எஞ்சினியர்களோ கண்டுபிடித்தது என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். அதன் மூல யோசனை ஒரு வேதியியல்காரருடையது. பெயர் பால் லாட்டர்பர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் சிட்னி என்ற சிறிய ஊரில் 1929ஆம் ஆண்டு பிறந்தவர். (ஆஸ்திரேலிய சிட்னி இல்லை.) பையனாக இருக்கும்போதே வீட்டு நிலவறையில் சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். பள்ளியில் அவருடைய வேதியியல் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? இவன் பாடத்தைக் கேட்டு உட்கார வேண்டியவன் இல்லை என்று புரிந்துகொண்டு, வகுப்பின் பின்பக்கம் தன் பாட்டுக்குச் சோதனை செய்துகொள்ள அனுமதித்துவிட்டார்.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவருடைய மனைவி ஜோன் டாசன் எழுதிய வாழ்க்கை வரலாறு அது. என் மகன் வாங்கி அனுப்பியிருந்தான். எண்பதுகளில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆய்வுக்கூடத்திலிருந்து பொட்டாசியம் பர்மாங்கனேட்டை ஒரு பொட்டலத்தில் எடுத்துப்போய், கிளிசரினை அதன்மேல் ஊற்றி, கடைசி பெஞ்சில் தீப்பற்ற வைத்தான். மேஜையில் ஒரு கருப்பு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான். நான் மூன்று நாள் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். அந்த மனிதர் எல்லார் முன்னாலும் அவனை அடித்தார். மறு வாரம் பையன் காமர்ஸ் குரூப்புக்கு மாறிவிட்டான். அவன் லாட்டர்பர் ஆகியிருப்பான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தீப்பிடித்த அந்தக் கணத்தில் அவன் முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

லாட்டர்பர் 1951இல் கிளீவ்லாந்தில் பட்டம் முடித்தார். உடனே முனைவர் பட்டத்துக்குப் போகவில்லை. பிட்ஸ்பர்க் நகரில் மெல்லன் இன்ஸ்டிடியூட்டில் இருந்த டவ் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் சேர்மங்களோடு வேலை. நடுவில் கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கேயும் அதிர்ஷ்டம் பாருங்கள், ராணுவத்தின் வேதியியல் மையத்தில் புதிதாக ஒரு என்.எம்.ஆர். கருவி வந்திருந்தது. அதில் வேலை செய்யத் தெரிந்தவர் இவர். ராணுவ உடையை அவிழ்ப்பதற்குள் நான்கு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுவிட்டார். திரும்பி வந்து கார்பன்-13 என்ற ஐசோடோப்பின் சமிக்ஞையைப் பிடிப்பதில் முன்னோடியானார். வேலை பார்த்துக்கொண்டே படித்து முனைவர் பட்டம் வாங்கியது 1962இல், 33 வயதில். அடுத்த வருடம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே 22 வருடம்.

இந்த என்.எம்.ஆர். என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சமன்பாடு எழுதமாட்டேன். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் அது பம்பரம்போலத் தள்ளாடிச் சுற்றும். எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது காந்தத்தின் பலத்தைப் பொறுத்தது. என் மனைவியைப் படுக்க வைத்தது 1.5 டெஸ்லா காந்தம்; பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. அதில் ஹைட்ரஜன் கரு விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுற்றும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பித் தட்டினால், அது பதிலுக்கு மெல்ல ஒரு குரல் கொடுக்கும். வேதியியல்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டு, மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிப்பார்கள். நாங்கள் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்கள் கல்லூரியில் கருவி கிடையாது. புத்தகத்தில் அச்சிட்ட கோடுகளை வைத்துத்தான் பாடம்.

அந்தப் பாடத்தில் எங்கள் பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. காந்தப்புலம் மாதிரிக் குழாய் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் இம்மி கூடினாலும் குறைந்தாலும் கோடு அகன்று, மங்கி, உபயோகமில்லாமல் போய்விடும். அதற்காகவே சின்னச் சின்னக் கம்பிச் சுருள்களை வைத்துச் சரிக்கட்டுவார்கள். போதாதென்று குழாயையே காற்றால் சுழற்றுவார்கள். உலகம் முழுக்க என்.எம்.ஆர். வேலை செய்த அத்தனை பேரும் புலத்தின் சீர்கேட்டை ஒழிப்பதில்தான் பாதி ஆயுளைச் செலவழித்தார்கள்.

லாட்டர்பர் அந்தச் சீர்கேட்டை வேண்டுமென்றே உண்டாக்கினார். அவர் சாதனை முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பேன்.

நடந்தது 1971 செப்டம்பர் 2. பிட்ஸ்பர்க் பக்கத்தில் நியூ கென்சிங்டன் என்ற ஊரில், என்.எம்.ஆர். கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி கஷ்டத்தில் இருந்தது. அதைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள லாட்டர்பர் போயிருந்தார். அதே வருடம் ரேமண்ட் டமேடியன் என்ற டாக்டர், எலியின் புற்றுக்கட்டியிலுள்ள நீர், நல்ல திசுவிலுள்ள நீரைவிட மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று எழுதியிருந்தார். அதைச் சரிபார்க்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் எலிகளோடு அந்தக் கம்பெனிக்கு வந்தார். எலியைக் கொன்று, துண்டு துண்டாக வெட்டி, குழாயில் போட்டு அளந்தார். வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் இப்படி வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் நோயாளிக்கு என்ன லாபம்? வெட்டாமல், உடம்பு உடம்பாக இருக்கும்போதே, எந்த நீர் எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதா?

அன்று இரவு ஒரு நண்பரோடு ஹாம்பர்கர் கடையில் சாப்பிடப் போனார். இரண்டாம் கடியில் யோசனை வந்தது என்பார்கள். வாயில் போட்டதை விழுங்கினாரா என்று சரித்திரம் சொல்லவில்லை. வெளியே வந்து மருந்துக் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, யோசனையை எழுதி, மறுநாள் அந்த நண்பரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

யோசனை என்ன? ஒரு ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டைகளும் ஒரே சுரத்தில் ஒலித்தால், யார் எந்தக் கட்டையை அழுத்துகிறார்கள் என்று அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. இடப்பக்கம் கீழ்ச்சுரம், வலப்பக்கம் போகப் போக மேல்ச்சுரம் என்று இருந்தால்? சுரத்தைக் கேட்டதும் கட்டையின் இடம் தெரிந்துவிடும். காந்தப்புலத்தையும் அப்படியே ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் சரிவாக வைத்துவிட்டால், குறைந்த பக்கத்து ஹைட்ரஜன் கீழ்ச்சுரத்திலும் கூடிய பக்கத்து ஹைட்ரஜன் மேல்ச்சுரத்திலும் பேசும். அதிர்வெண்ணே முகவரி. சரிவை வெவ்வேறு திசைகளில் திருப்பித் திருப்பிக் கேட்டு, கணக்குப் போட்டுச் சேர்த்தால் படம். ஸ்கேன் அறையில் கேட்ட சம்மட்டிச் சத்தமும் இதுதான். சரிவை உண்டாக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும்போதெல்லாம், பெரிய காந்தத்துக்குள் அவை உதறி அதிர்கின்றன.

ஸ்டோனி புரூக்குக்குத் திரும்பி, வேதியியல் துறையின் பொதுக் கருவியில் ராத்திரியில் வேலை செய்தார். பகலில் மற்றவர்களுக்கு அது சீரான புலத்தோடு வேண்டும். இவருக்கு அதைக் குலைக்க வேண்டும். ஆகவே இரவில் அமைப்பை மாற்றி, விடிவதற்குள் பழையபடி வைத்துவிடவேண்டிய கட்டாயம். (அடுத்தவர் அடுப்பில் சமைத்துவிட்டு, சத்தமில்லாமல் துடைத்துவைத்துப் போகும் கூட்டுக்குடும்பத்து மருமகள் ஞாபகம் வந்தது எனக்கு.)

முதல் படம் எதை எடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? கனநீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். உள்விட்டம் 4.2 மில்லிமீட்டர். அதற்குள் 1 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மெல்லிய குழாய்கள். அவற்றில் சாதாரணத் தண்ணீர். கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருக்கும். அது வேறு அதிர்வெண்ணில் பேசுவதால் இந்தக் கருவியின் காதில் விழாது. கண்ணுக்கு இரண்டும் தண்ணீர். எக்ஸ்ரேயில் போட்டாலும் இரண்டும் ஒன்றுதான். நான்கு திசைகளில் அளந்து லாட்டர்பர் எடுத்த படத்தில் மட்டும் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிந்தன. தண்ணீருக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் காட்டிய முதல் படம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கட்டுரையை 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். படம் மங்கல். இவர் விடாமல், மறுபடியும் பாருங்கள் என்று கேட்டு, எதற்கெல்லாம் பயன்படும் என்பதையும் சேர்த்து எழுதினார். 1973 மார்ச் 16 இதழில் வெளிவந்தது, இரண்டே பக்கம். இந்த முறைக்கு 'நுகம்' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சூக்மடோகிராஃபி' என்று பெயர் வைத்தார். ஒரு நுகத்தில் இரண்டு மாட்டைப் பூட்டுவதுபோல, காந்தப்புலத்தையும் ரேடியோ அலையையும் பூட்டினாராம். பெயர் நிலைக்கவில்லை. நல்லவேளை! ரிசப்ஷனில் அதைச் சொல்லி டோக்கன் வாங்க நம்மால் முடியுமா?

அந்த 1973ஆம் வருடம்தான் நான் திருச்சிக் கல்லூரி நூலகத்தில் தினமும் மாலை உட்கார்ந்திருந்தேன். 'நேச்சர்' அங்கே வரும், கப்பலில், மூன்று நான்கு மாதம் தாமதமாக. நூலகர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். நான் எடுத்துப் புரட்டியிருக்கிறேன், பெரும்பாலும் விளம்பரங்களைப் பார்க்க. அந்த இதழையும் புரட்டியிருக்கலாம். இரண்டு மங்கல் வட்டங்களைப் பார்த்து, அடுத்த பக்கம் போயிருக்கலாம். அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது அந்த ஆடி மாதம். நான் படித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்று அந்தக் கருவிக்குள் விரல்கூட நுழையாது. இருந்தாலும் அந்த வராந்தாவில் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில், எனக்கு நாலு தெரு தள்ளி, கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் தொண்டையை அடைக்கிறது.

பிறகு லாட்டர்பர் ஒரு குடைமிளகாயைப் படம் பிடித்தார். அவருடைய சின்ன மகள் லாங் ஐலண்ட் கடற்கரையில் பொறுக்கிவந்த சிப்பியையும் பிடித்தார். 4 மில்லிமீட்டர் சிப்பி, உயிரோடு. அதற்குமேல் பெரிதாக எதுவும் அந்தக் குழாயில் நுழையாது. கருவியைப் பெரிதாக்கப் பணம் வேண்டும்; அதற்காக அவர் பல வருடம் அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கும் முயற்சியையும் பல்கலைக்கழகம் கைவிட்டது. செலவழிக்கும் பணம்கூடத் திரும்பி வராது என்று கணக்குப் போட்டார்களாம்! இன்றைக்கு ஒரு ஸ்கேனுக்கு பில் கட்டிவிட்டு வந்தவன் என்ற முறையில், அந்தக் கணக்குப்பிள்ளையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

வேலையைப் பெரிதாக்கியதில் மற்றவர்களுக்கும் பங்குண்டு. முக்கியமாக இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட். 15 வயதில் பள்ளியை விட்டவர். இயற்பியல் பேராசிரியர் ஆனவர். படத்தை விரைவாக எடுக்கும் கணித முறையைத் தந்தார். 1978இல் கருவிக்குள் தானே போய் நின்று தன் வயிற்றைப் படம் எடுத்துக்கொண்டார். டமேடியனும் சும்மா இருக்கவில்லை. 1977 ஜூலையில் ஒரு மனிதரின் மார்பை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்து, மனித மார்பின் முதல் படத்தைக் காட்டினார். 2003இல் மருத்துவ நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் போனபோது, தன்னை விட்டுவிட்டார்கள் என்று பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கட்டியில் உள்ள நீரைக் கேட்டுப்பாருங்கள் என்று முதலில் சொன்னவர் அவர். மூன்று பேருக்குக் கொடுக்கலாம் என்று விதி இருக்க, மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது உறுத்தலான விஷயம்தான். ஆனால் படம் பிடிக்கும் வழி சரிவிலிருந்து வந்தது, அது லாட்டர்பருடையது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பரிசு வந்தபோது லாட்டர்பருக்கு 74 வயது. இரண்டு வட்டங்களைப் போட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. 1985இலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். அங்கே கடைசிக் காலத்தில் எம்.ஆர்.ஐ.யை விட்டு, உயிர் என்பது முதன்முதலில் வேதியியலிலிருந்து எப்படித் தோன்றியிருக்கும் என்ற கேள்வியில் இறங்கியிருந்தார். 2007 மார்ச்சில் சிறுநீரக நோயால் காலமானார்.

ஒன்றை விட்டுவிட்டேன். நடுவில் நர்ஸ் வந்து, "சார், காண்ட்ராஸ்ட் ஊசி போடணும், கையெழுத்து வேணும்" என்றாள். கிரியேட்டினின் ரிப்போர்ட்டை முதல்நாளே வாங்கிப் பார்த்துவிட்டார்கள். ஊசியில் இருப்பது கடோலினியம். அணு எண் 64. வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையின் கீழே தனியாகத் தொங்கும் அந்த வரிசையை, 'பரீட்சைக்கு வராது' என்று நான் ஒவ்வொரு வருடமும் தாண்டிப் போயிருக்கிறேன். தனியாக உடம்புக்குள் போனால் விஷம். அதனால் ஒரு கரிமச் சேர்மத்தால் நாலாபக்கமும் பிடித்துக் கட்டி அனுப்புகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நீரின் ஹைட்ரஜனை அது சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும். கட்டி இருந்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். இப்படி ஒரு காந்த அயனியை உள்ளே விட்டு நீரின் நடத்தையை மாற்றலாம் என்று 1978இலேயே மாங்கனீசை வைத்துக் காட்டிய குழுவிலும் லாட்டர்பர் இருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து அவள் வெளியே வந்தாள். "கண்ணை மூடிக்கிட்டே இருந்தேன். யாரோ பக்கத்து வீட்டில அம்மியைக் கொத்துற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

ரிப்போர்ட் மறுநாள் மாலை வந்தது. கட்டி இருந்தது. இடது பக்கம், காதுக்குப் போகும் நரம்பின்மேல். 6 மில்லிமீட்டர். டாக்டர் திரையில் காட்டினார்; கருப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. புற்று வகை இல்லை என்றார். மெதுவாக வளரும், பல பேருக்கு வளராமலே நின்றுவிடும், இப்போது கத்தி வைக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்து அளந்து பார்ப்போம் என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிப்பியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எங்கே, எவ்வளவு என்று இரண்டும் தெரிந்தது.

"என்ன சார், பயந்துட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர். இவ்வளவு சின்னதாக இருக்கும்போதே தெரியுதே" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவள் என் கையை லேசாகத் தட்டினாள்.

அடுத்த ஸ்கேன் வரும் தை மாதம். தாலிக்கொடியை வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொண்டாள். மஞ்சள் கயிற்றை ஆற்றில் விட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "வேண்டாம், அடுத்த தடவைக்கு ஆகும்" என்று ஸ்கேன் ஃபிலிம் இருக்கும் பெரிய கவருக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டாள்.